குமிழைத் திருகிய கை

நண்பகல் வெயில் ஆம்புலன்ஸின் கண்ணாடியில் வழிகிறது. பழுதுபார்ப்பவர் வயர்லெஸ் ஒலிபெருக்கியின் கம்பியைத் தொட்டுப் பார்த்து, "ஒயர்ல கோளாறே இல்லையேண்ணே" என்கிறார். ஓட்டுநரின் பார்வை வயர்லெஸ் பெட்டியின் சிறு குமிழிலேயே நிலைத்திருக்கிறது. காலையில் சற்றுக் கண்ணயர்வதற்காக, இரைச்சலை அடக்கும் அக்குமிழை முழுவதும் திருகியவர் அவரே. தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து மெலிந்து வந்த அவசர அழைப்பும் இரைச்சலோடு அடங்கிப்போயிற்று. "யாருண்ணே இப்படி முறுக்கினது, கும்பகர்ணனா?" என்று சிரித்தவாறே பழுதுபார்ப்பவர் அதைத் தளர்த்துகிறார். கரகரப்பினூடே கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் ஒலிக்கிறது: "அண்ணே, காலைல நான் உங்களைக் கூப்பிடவே இல்லைன்னு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களாம். சத்தியமா கூப்பிட்டேண்ணே. கேக்கலையா?" ஓட்டுநர் ஒலிவாங்கியை எடுத்துப் பொத்தானை அழுத்துகிறார். அது அமுங்கியிருக்கும்வரை அவள் குரல் வராது. விரலை எடுக்க மனம் வரவில்லை.