எது பதிமூன்று?

“எட்டும் அஞ்சும் சேர்ந்தா எவ்வளவு?”

சோதிக்க வந்த பெண் இரண்டு எண் அட்டைகளை உயர்த்திப் பிடித்தாள்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. பேச்சு வராது. கைகள் அவள் சொன்னபடி கேட்காது. எந்த அட்டையைக் கண்ணால் பார்க்கிறாளோ, அதுதான் அவளுடைய பதில்.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள்.

சக்கர நாற்காலியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். தலையசைக்கவில்லை, ஜாடை காட்டவில்லை. அந்த ஈனப் புத்தி எங்கள் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது. என் கண்ணுக்குப் பதிமூன்று வலப்பக்கம் இருந்தது. அதைச் சற்று அழுத்தமாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவளும் வலப்பக்கம் பார்த்தாள்.

பேனா காகிதத்தில் குறுக்கே கீறிய சத்தம் கேட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மொத்தம் பத்துக் கேள்விகள். ஆறுக்காவது சரியான பதில் வந்தால்தான் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை அடுத்த வருடமும் வருவாள். இல்லையென்றால் ‘படிப்பால் பயனில்லை’ என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எவளோ அப்படி ஒரு வரி எழுதுவதா? முப்பத்தாறு வருடம் நிலம் அளந்தவன் நான். நான் நட்ட எல்லைக்கல்லை எந்தக் கோர்ட்டும் நகர்த்தியதில்லை.

அடுத்த கேள்வி. அதற்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் என் முகம், பிறகு அட்டை. பிறகு அந்தக் கீறல்.

நான்காவது கீறலில் மருமகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். இரண்டு வருடமாக இந்த அட்டைகளோடு மல்லுக்கட்டியவள் அவள்தான். பாட நேரத்தில் நான் அந்த அறைக்குள் போனதே இல்லை.

“ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்” என்றாள் சோதிக்க வந்தவள்.

என் வீட்டில், என்னை! நான் அசையவில்லை.

“மாமா, எழுந்திரிங்க. இது உங்க பரீட்சை இல்ல.”

பதினோரு வருடத்தில் மருமகள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை.

வராந்தாவில் நின்றேன். இன்னும் ஆறு கேள்விகள். ஒன்று தப்பினாலும் போயிற்று. சாத்திய கதவுக்குப் பின்னால் பேச்சு, பிறகு மௌனம். மறுபடி பேச்சு, இன்னும் நீண்ட மௌனம்.

கதவு திறந்தது.

“ஆறும் சரி, மாமா” என்றாள் மருமகள்.

உள்ளே போனேன். பையை மூடப்போன அந்தப் பெண் நிறுத்தி, இரண்டு அட்டைகளை எடுத்து என் முன்னால் பிடித்தாள்.

“கோவிச்சுக்காதீங்க ஐயா. இதுல எது பதிமூணு?”

இரண்டிலும் வெள்ளைக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது. போன மழைக்காலத்திலிருந்து என் கண்ணில் படர்ந்துவரும் புகையைப் பற்றி இந்த வீட்டில் எவரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

பேத்தியைப் பார்த்தேன்.

கழுத்தைத் திருப்புவது அவளுக்குச் சுலபமில்லை. மெல்ல, மிக மெல்ல, முகம் முழுவதையும் இடப்பக்கம் திருப்பினாள்.

“இதுதான்” என்றேன், நிமிர்ந்து நின்றபடி.