பட்டமரக் காளான்

ஏலக்காட்டுக் கூலியாட்கள் லயத்தில் மத்தியானமே இருட்டுகிறது. மண் சரிந்ததால் குரங்கணியிலிருந்து மூன்று நாளாக ஜீப்பு வரவில்லை. உள்ளே ராக்குவின் கணவன் மொக்கச்சாமிக்கு மூச்சு இழுக்கிறது. பட்டமரத்தில் செம்பு போல மினுங்கும் காளானைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் இழுப்பு அடங்கும் என்று மலையில் முதுவர்குடிக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி, ராக்கு தேடிப் பறித்து வந்து கசாயம் வைத்துவிட்டாள். பறித்தது அதே காளான்தானா என்பதுதான் தெரியவில்லை. அதனால் முதல் மடக்கைத் தானே குடித்துவிட்டு அடுப்படியில் குந்தியிருக்கிறாள். எழுகிறாள், வாசலில் நின்று மழையைப் பார்க்கிறாள், வயிறு வலிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள், மறுபடி வந்து உட்காருகிறாள். நாக்கைவிட்டுக் கசப்பு போகவில்லை. "கொண்டா ராக்கு, வெரசா" என்று மொக்கச்சாமி கை நீட்டுகிறான். "செத்தப் பொறுங்க, கொதிக்குது" என்கிறாள். அவள் கையிலிருக்கும் டம்ளர் சில்லிட்டுப்போய் வெகுநேரமாகிறது.