திரையில் பவுனம்மாளின் முகம்

வளர்மதிக்குப் பழைய ஹாலிவுட் காதல் படங்கள் என்றால் உயிர். ஆனால் தன்னைப் போன்ற கறுத்த பெண்கள் அவற்றில் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரிகளாக மட்டுமே இருந்தது கல்லூரி நாளிலிருந்தே அவளுக்குப் பெரிய ஆதங்கம். அதனால்தான், பார்ப்பவர்களின் முகத்தையே பாத்திரங்களுக்குக் கொடுக்கும் புதுத் திரையை ஆசையாக வாங்கினாள்.

முதல் படத்தில், மழையில் நனைந்தபடி காதலனுக்காகக் காத்திருந்த நாயகி சாட்சாத் வளர்மதியேதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சமையல் செய்யும் பவுனம்மாளையும் கூப்பிட்டு, "வா பவுனு, வந்து பாரு" என்றாள்.

அடுத்த காட்சியில் தேநீர்த் தட்டோடு தலைகுனிந்து வந்த பணிப்பெண்ணுக்குப் பவுனம்மாளின் முகம்.

"இவளை ஏன் வேலைக்காரி ஆக்கின?" என்று திரையை அதட்டினாள் வளர்மதி.

"வீட்டில் இருப்பவர்களைப் பதிவு செய்தபோது நீங்கள்தான் அப்படிக் குறித்தீர்கள்" என்றது திரை.

வளர்மதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இப்பவே மாத்திடறேன் பவுனு. நீதான் கதாநாயகி."

"அட, இருக்கட்டும்மா" என்று சிரித்தாள் பவுனம்மாள். "தட்டைத்தான் அவ சரியா பிடிக்கல. டீ கொட்டிரும்."

திரும்பிப் பார்த்தபோதுதான் வளர்மதிக்கு உறைத்தது. சோபாவில் அவ்வளவு இடம் இருந்தும் பவுனம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருடமாக அப்படித்தான் உட்கார்கிறாள். மேலே வந்து உட்காரச் சொல்லவும் இப்போது வளர்மதிக்குக் கூசியது.