துடைக்காத கண்ணாடி

"பாருங்க சார், என்னமா குறட்டை விடுறாங்கன்னு!"

சொட்டு சார் செல்போனை மானேஜரிடம் நீட்டினார். வீடியோவில், சோதனைக்கூட உதவியாளர் அம்மா மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பழச்சாறு ஆலையில் சர்க்கரை அளவு பார்ப்பது சாரின் வேலை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு சாறு விட்டால் போதும், ஒளி எவ்வளவு வளைகிறதென்று பார்த்துச் சர்க்கரையைச் சொல்லிவிடும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

அளவு தப்பாகி ரெண்டு எச்சரிக்கை வாங்கியவர். ஆனால் ஆறு மாசமாக ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. "எல்லாம் கைராசி!" என்று பீற்றிக்கொள்வார்.

மானேஜர் அம்மாவைக் கூப்பிட்டார். "தினம் மத்தியானம் தூங்குறீங்களாமே, ஏம்மா?"

அம்மா ஒரு தடவை சாரைப் பார்த்தார். "தப்புதான் சார்."



"அமுக்குணி! வாயைத் திறந்தா மாட்டிக்குவோம்னு தெரியும்," என்றார் சார். நரம்பில்லாத நாக்குதானே!

அன்றைக்கே அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை. எந்தத் தொட்டியிலிருந்து சாறு எடுத்து விட்டாலும் சென்சார் தாறுமாறாகக் காட்டியது. சார் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

சாவி கொடுக்க வந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "கண்ணாடியைத் துடைச்சீங்களா சார்?"

"உமக்கென்னய்யா தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? சாயந்திரம் நீங்க துடைக்காமப் போயிடுவீங்களாம். பழைய சொட்டு காஞ்சு ஒட்டிக்கிட்டா அளவு பொய் சொல்லுமாம். அந்தம்மாதான் தினம் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து, கழுவித் துடைச்சு, சுத்தத் தண்ணி விட்டு, பூஜ்யம் காட்டுதான்னு பார்த்து வெப்பாங்க. அப்புறம் மத்தியானம் கண்ணு சொக்காம என்ன செய்யும்?"

சார் குனிந்து பார்த்தார்; கண்ணாடியில் பழைய சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம்!

"இதை... இதை அந்தம்மா மானேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா!"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'வேணாம்ணே, ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை வாங்கியிருக்கார். இதுவும் தெரிஞ்சா அவர் வேலை போயிடும்'னுட்டாங்க."