விசில் ஊதினால்தானே

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. கார் தரிப்பிடத்தில் புது அறிவித்தல் தொங்கியது: ‘ஆட்டம் தொடங்க விசில் ஊதியதும் அடுப்புகளை அணைக்கவும்.’

“பந்து பாக்கவோ நாங்கள் வாறனாங்கள்? ஆட்டிறைச்சிக்கெல்லோ!” கார் டிக்கிகளின் அருகே சமைத்துக்கொண்டிருந்தவர்கள் கொதித்தார்கள்.

ஜெசிந்தன் மட்டும் நிதானமாகக் கறியைக் கிளறினார். “ஏன்ராப்பா கத்திறியள்? விசில் ஊதினால்தானே அணைக்கவேணும்.”

கழகச் செயலாளர் தாரகன் ஓடிவந்தார். “அண்ணை, அடுப்பை நிப்பாட்டுங்கோ. விளையாடுற பெடியள் மைதானத்திலை மழைக்குள்ளை விறைக்கிறாங்கள்.”

“இறைச்சி அரை அவியல் தம்பி. இன்னும் ஒருத்தரும் விசில் ஊதேல்லையே.”

“ஆரண்ணை ஊதுறது? மத்தியஸ்தர் நீங்களெல்லோ!”

கழுத்தில் தொங்கிய விசில் கறிக்குள் விழாமல் ஜக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, ஜெசிந்தன் உப்புப் பார்த்தார்.