சுண்டுவிரல் சீசா

அந்த ரோஜாச் செடிக்கு விலையே கிடையாது என்பார் மாமனார். அதைக் கொன்றவனைப் பிடிக்க மட்டும் ஒரு விலை இருந்தது: பதினெட்டாயிரம்.

"இந்தச் சுண்டுவிரல் சீசாவுக்கா?" என்றார், மருமகள் காட்டிய படத்தைப் பார்த்து. ஹார்டுவேர் கடையில் ஆயுசெல்லாம் பேரம் பேசிய வாய், சும்மா இருக்குமா?

மருமகள் தன் கோட்டின் கிழிந்த கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் லேப்பில் அவளுக்கு வேலை.

"வேண்டாம்னுதான் மாமா நானும் சொல்றேன். செத்த செடியோட மண்ணுல களைக்கொல்லி இருக்குன்னு அடிச்சுச் சொல்லணும்னா, கலப்படமில்லாத அதே மருந்தை வெச்சு ஒத்துப் பாக்கணும். அதுக்குப் பேர்தான் ஸ்டாண்டர்ட். அது எங்ககிட்ட இல்ல, வரவழைக்கணும்."

"கடையில அதே விஷம் ஒரு கேன் அறுநூறு. சுத்தம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா விலையைக் கொறைப்பானா?"

"கொறைப்பான். நீங்களும் பழியைக் கொஞ்சம் கொறைச்சுத்தான் போடணும்."

அது கட்டாது. மாமனாருக்குப் பழி முழுசாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் களைக்கொல்லிக் கேனும் கையுமாக நின்றதைக் கண்ணால் பார்த்தவர் அவர். கேட்டை ஒட்டி நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் முள்ளால் சட்டைக் கையைப் பிடித்திழுத்து நலம் விசாரித்த செடி அது. போலீஸுக்கே போவதாக இருந்தார்.

"களைக்கொல்லி இல்லேன்னு வந்தா, மாமா?"

"அவர் வாசல்ல போய் நின்னு மன்னிப்பு கேக்கறேன்."

"அப்போ பாதிப் பணம் நான் போடறேன்."

மாமனார் மகனைத் திரும்பிப் பார்த்தார். "பெத்தது இப்படி ஒரு வார்த்தை சொல்லிச்சா?" மகன் பேப்பருக்குள் முகத்தை இழுத்துக்கொண்டான்.

சீசா வந்து சேர்ந்தது. வீட்டு விவகாரம், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று மருமகள் சோதனையைக் கூட வேலை பார்ப்பவளிடம் விட்டுவிட்டாள். முடிவு தெளிவாக வந்தது: மண்ணில் அந்தக் களைக்கொல்லி துளிகூட இல்லை.

சொன்ன சொல் தவறாமல் மாமனார் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். பல் டாக்டர் சிரித்துவிட்டார். "வாயைத் திறந்தது நீங்க, வலி எனக்கு. முதல் தடவையா இப்படி நடக்குது. உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்."

இங்கே மகன் சமையலறைக்கு வந்தான். "டாக்டர் இல்ல, சரி. நல்லா இருந்த செடி எப்படித்தான் செத்துச்சு?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நான் ஊத்தின வெந்நீருக்கு ஸ்டாண்டர்ட் கிடையாதுங்க."