பின் சீட்டு வசதி

“வண்டி நல்லாத்தான் கீது தம்பி. அப்புறம் ஏன் விக்கிற?”

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கேட்டதும் ஃபவாஸ் ரோட்டையே பார்த்து ஓட்டினான். வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் போன் செய்தவர் இவர். காலடிப்பேட்டையில் நிற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், கூடவே புர்காவில் முகத்திரையோடு ஒரு பெண்மணியும் நின்றிருந்தார். “வாங்க பாய், வாங்க மாமி” என்று ஃபவாஸ் கதவைத் திறந்துவிட்டான். தனக்கு முட்டி வலி, நீயே ஓட்டு என்று பெரியவர் முன்னால் ஏறிக்கொண்டார். பின் சீட்டு வசதியை இவங்க பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றிருந்தன. அந்த நெரிசலிலும் ஃபவாஸ் வண்டியின் பெருமைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கப்பல்களுக்குக் காய்கறியும் மளிகையும் சப்ளை செய்வது அவன் தொழில். பின் சீட்டை மடக்கிவிட்டால் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கலாம். அத்தனை பாரத்தோடும் மேம்பாலத்தில் திணறாமல் ஏறும். டீசல் வண்டி என்பதால் நாளெல்லாம் துறைமுகத்துக்கும் மீஞ்சூருக்கும் அலைந்தாலும் கட்டுப்படியாகும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது சின்ன கார்கள் எல்லாம் படுத்துவிடும், இது மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவன்கூட இத்தனை பெருமை பேசமாட்டான்.

“ஏன் விக்கிறன்னு கேட்டேனே.”

ஃபவாஸ் உண்மையைச் சொல்லிவிட்டான். அம்மா அவனுக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறாள். பெண்ணைப் பெற்ற அத்தா மீஞ்சூரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறாராம். ஒத்தை ஆளாக இவ்வளவு பெரிய வண்டியில் சுற்றுகிறவன் ஆடம்பரக்காரனாகத்தான் இருப்பான் என்று சொல்லிவிட்டாராம். சம்பந்தம் பேசப் போன அம்மா வந்து சொன்ன மறுநாளே விளம்பரம் கொடுத்துவிட்டான்.

பெரியவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “வண்டிய வெச்சு ஆளை எடை போடறவரு இன்னா மனுஷன்?”

“அப்டி சொல்லாதீங்க பாய். பொண்ணைக் குடுக்கறவரு நாலையும் யோசிப்பாரு. எனக்கொரு பொண்ணு இருந்தா நானும் யோசிப்பேன்.”

அப்போதுதான் அது நடந்தது. பின்னால் இறால் பெட்டி கட்டிய பைக் ஒன்று லாரிக்கும் காருக்கும் நடுவில் நுழைந்தது. பெட்டியின் தகர விளிம்பு காரின் கதவில் நீளமாக ஒரு கோடு போட்டது. பைக் சரிந்து, ஆளும் இறாலும் ரோட்டில் கிடந்தார்கள்.

ஃபவாஸ் இறங்கினான். அந்தக் கோட்டை ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்து விழுந்தவரைத் தூக்கினான். அவருடைய முழங்கையில் ரத்தம் வழிந்தது. பின் சீட்டுக் கண்ணாடி இறங்கி ஒரு கைக்குட்டை வெளியே நீண்டது.

“ரொம்ப தேங்க்ஸ் மாமி” என்று வாங்கிக் கட்டிவிட்டான். இறாலையும் வாரிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

“கோவம் வர்லியா?” என்றார் பெரியவர்.

“வந்துச்சு பாய். பொத்திப் பொத்தி வெச்சிருந்த வண்டி. ஆனா கை கிழிஞ்சு நிக்கற மனுஷன் கிட்ட அத எப்டி காட்டுறது?” கொஞ்சம் தயங்கினான். “அந்தப் பொண்ணு எங்கம்மா கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சாம். கோவம் வந்தா உங்க புள்ள இன்னா செய்வாருன்னு. எம்புள்ளைக்கு கோவமே வராதுன்னு அம்மா பொய் சொல்லிட்டு வந்துட்டாங்க. அன்னிலேர்ந்து அந்தக் கேள்விதான் மனசுல ஓடிக்கினே கீது. மொகம்கூட பாத்ததில்ல. ஆனா அப்டி கேக்கத் தெரிஞ்ச பொண்ணை வுட்டுடக் கூடாதுன்னு தோணுது. அதுக்கு வண்டி போனா போவட்டும்.”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“வண்டி வேணாம் தம்பி.”

ஃபவாஸின் முகம் விழுந்துவிட்டது. “கோடு வுழுந்ததாலயா பாய்? நான் பெயின்ட் அடிச்சிக் குடுத்துடறேன்.”

“அதுக்காக இல்ல.”

அதற்கு மேல் கெஞ்ச அவனுக்கு வரவில்லை. பின் சீட்டு வசதியாக இருந்ததா என்று மட்டும் கண்ணாடி வழியாகக் கேட்டான். மாமி தலையை லேசாக ஆட்டினார்.

“எங்க எறக்கி வுடணும் பாய்? காலடிப்பேட்டைக்கேவா?”

“அங்க என் தம்பி வூடு. நீ நேரா போ. மீஞ்சூரு ஸ்டேஷனாண்ட ஒரு ஹார்டுவேர்ஸ் கடை வரும்” என்றார் பெரியவர். “நம்ம கடைதான்.”

ஃபவாஸின் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். அது ஓய்ந்ததும், வந்ததிலிருந்து வாயே திறக்காத பின் சீட்டிலிருந்து முதல் முறையாக ஒரு இளம் குரல் கேட்டது.

“அத்தா, வண்டிய விக்க வேணாம்னு சொல்லுங்க. என்னை மாமின்னு கூப்பிடறத மட்டும் இன்னியோட வுட்டுடச் சொல்லுங்க.”